மாத்திரை வாங்க வரும் இடத்திலேயே சட்டமும் சொல்லித் தாருங்கள்

எங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளராக இருக்கும் நீதிபதி அவர்களுக்கும், மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு அலகின் மேலாளர் அவர்களுக்கும்:

எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நடந்துவந்த சட்ட உதவி அமர்வை நிறுத்திவிட்டதாக மையத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. "போதிய பயனாளிகள் வருகை இல்லாமையால்" என்று காரணம் போட்டிருக்கிறீர்கள். இனிமேல் ஆண்டுக்கு ஒரு முறை, டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி, ஒரு கல்லூரி அரங்கத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடக்கும் என்றும் அதில் இருக்கிறது. இந்த முடிவை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண். கணவர் இறந்த பிறகு இதே மையத்தில் மாத்திரை வாங்கத் தொடங்கினேன். பிறகு எங்கள் பெண்கள் குழுவில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். பரிசோதனை முடிவு தெரிந்து புதிதாக வருகிற பெண்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. கடிதத்தில் என் பெயரைப் போடவில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் என் நிலையைச் சொல்லும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குச் செவ்வாய்க்கிழமை அமர்வில்தான் தெரியவந்தது.

முதலில் உங்கள் வருகைக் கணக்குக்கு வருகிறேன்.

அமர்வு தொடங்கிய காலத்தில் வக்கீல் மேஜையில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், கைபேசி எண், கையொப்பம் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். பின்னால் "எச்.ஐ.வி. பாதித்தோருக்கான சட்ட விழிப்புணர்வு" என்று பேனர் கட்டியிருக்க, முன்னால் போட்டோ எடுப்பார்கள். அறிக்கையோடு இணைக்க வேண்டுமாம். வீட்டில் சுகர் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற பெண் அந்த பேனருக்கு முன்னால் எப்படி நிற்பாள்? எங்கள் ரகசியத்தைக் காக்கும் சட்டத்தை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, கடைசியில் போட்டோ எடுக்க நிற்கச் சொல்கிறீர்கள். நாங்கள் சிரிப்பதா, அழுவதா?

இதைப் புரிந்துகொண்டவர் அமர்வுக்கு வந்த வக்கீல் அம்மா ஒருவர்தான். கொஞ்ச நாளிலேயே பதிவேட்டை மூடி வைத்துவிட்டார். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவார்கள். சிலர் அங்கேயும் பேசாமல், அவர் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து போய்ப் பேசியிருக்கிறார்கள். அவர் யார் பெயரையும் எழுதவில்லை. அதனால் உங்கள் கோப்பில் நாங்கள் யாரும் இல்லை. எங்களுக்கு அவர் மேல் நம்பிக்கை வரவர, உங்கள் கணக்கில் வருகை குறைந்துகொண்டே போயிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நிலை சீராக இருப்பவர்களுக்கு இப்போது மூன்று மாதத்துக்குச் சேர்த்து மாத்திரை தருகிறீர்கள். நல்ல ஏற்பாடு, நன்றி. ஆனால் முன்பு மாதாமாதம் வந்தவள் இப்போது ஆண்டுக்கு நான்கு முறைதான் வருவாள். ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். அப்படி வருகிற அந்த ஒரு நாளிலும் கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால், அவள் வேறு எங்கே போவாள்?

அந்த பெஞ்சில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் எழுதி அனுப்பியிருக்க மாட்டார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர், பெயர் எதுவும் சொல்ல மாட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு பெண். கணவர் லாரி ஓட்டுநர். அவர் சம்பாதித்துத் தன் பெயரில் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தார். அவர் இறந்தபோது பையனுக்கு 4 வயது. கருமாதி முடிந்த கையோடு கணவரின் அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசினார்கள். "உனக்கு இருக்கிற சீக்குக்கு நிலத்தை வெச்சு என்ன பண்ணப் போற? ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் பணம் தர்றோம், கையெழுத்துப் போட்டுடு" என்றார்கள். பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டார்கள். அவள் பங்கை மட்டும் இல்லை, கார்டியன் என்று போட்டுப் பையனின் பங்கையும் சேர்த்து. கையில் கொடுத்த பணம் ஒரு வருடம்கூட வரவில்லை. நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான் என்ற பேச்சு மட்டும் இன்றைக்கும் நிற்கவில்லை.

பல வருடம் கழித்துத்தான் இந்த விஷயம் பெஞ்சுக்கு வந்தது. வக்கீல் அம்மா ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். இவர்கள் இருக்கும்போது அண்ணன் தம்பிகளுக்குப் பங்கே கிடையாது. மனைவிக்கு எச்.ஐ.வி. இருப்பதால் அந்தப் பங்கு ஒரு சென்ட்கூடக் குறையாது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, மைனர் பிள்ளையின் நிலத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயேகூட எழுதிக்கொடுக்க முடியாது. அப்படி எழுதியிருந்தால், பையன் 18 வயதானதிலிருந்து 3 ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அவள் அந்தத் தாளை மடித்து ஏ.ஆர்.டி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பையனுக்கு இப்போது 17 வயது. வழக்குப் போட வேண்டிய நேரம் வருகிறது, நீங்கள் வக்கீலை நிறுத்திவிட்டீர்கள்.

இந்த மாதிரி நிலப் பிரச்சினைகள்தான் எங்களிடம் அதிகம். நோயைவிட நோயைச் சாக்காக வைத்துப் பறித்துக்கொண்டதுதான் பெரும்பாலான வீடுகளில் நடந்திருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடும்போதே மருமகள் பெயரை விட்டுவிடுவார்கள். பட்டாவை மாற்றிவிடுவார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து, அவளாகவே பெட்டியைத் தூக்கும்படி செய்துவிடுவார்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்படியென்றால் ஏன் கோர்ட்டுக்குப் போகவில்லை?" என்று கேட்பீர்கள். பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தில் பதில் இருக்கிறது. 34ஆம் பிரிவின்படி, எச்.ஐ.வி. உள்ளவரின் வழக்கில் உண்மைப் பெயருக்குப் பதில் மாற்றுப் பெயரைப் போட்டு நடத்தலாம், மூடிய அறையில் விசாரிக்கலாம், அடையாளம் தெரியும்படி யாரும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். ஜீவனாம்ச வழக்கு என்றால் மருத்துவச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. எங்கள் குழுவிலேயே ஒரு பெண் தன் நகையை அடகு வைத்து, தானாகவே ஒரு வக்கீலைப் பிடித்து ஜீவனாம்சம் கேட்டாள். அவர் எழுதிய மனுவின் முதல் பாராவிலேயே அவள் பெயர், அவள் ஊர், "எய்ட்ஸ் நோயாளி" என்ற வார்த்தை, மூன்றும் இருந்தன. 34ஆம் பிரிவு அவருக்கே தெரியவில்லை. அவள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பணமும் போயிற்று, வழக்கும் போயிற்று. சட்டம் படித்தவர்களுக்கே தெரியாத ஒன்றை ஆண்டுக்கு ஒரு நாள் முகாமில் எங்களுக்குப் புரிய வைத்துவிடலாம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. அந்த டிசம்பரிலேயே விருதுநகர் மாவட்டத்தில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் விஷம் குடித்து உயிரை விட்டார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. தமிழ்நாடே பார்த்த வழக்கு அது, அதனால் நீதிமன்றம் வரை போனது. எங்கள் வழக்குகளை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கவும் வேண்டாம், எங்கள் காதில் விழுகிற மாதிரி ஒருவர் சட்டத்தைச் சொன்னால் போதும்.

இனி பிள்ளைகள்.

பெற்றோர் இரண்டு பேரும் போய்விட்ட வீடுகளில் பாட்டிகள்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, நிலப் பத்திரம் இருக்கிற டிரங்குப் பெட்டியின் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே திரிவார். குளிக்கப் போனாலும் சாவி கூடவே போகும். சொந்த மகன்களே பத்திரத்தை எடுத்துவிடுவார்களோ என்று பயம். பேத்திக்கு 15 வயது, பேரனுக்கு 9 வயது. பேரன் மாத்திரை சாப்பிடுகிறான், பேத்திக்கு ஒன்றும் இல்லை. "நான் கண்ணை மூடினா இதுங்களுக்கு யாரு?" என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் கேட்பார்.

அவருக்கு வக்கீல் அம்மா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, 16ஆம் பிரிவு. எச்.ஐ.வி. பாதித்த குழந்தையின் சொத்து ஆவணங்களைக் குழந்தைகள் நலக்குழுவிடம் பத்திரமாக ஒப்படைக்கலாம். சொத்தை யாராவது பிடுங்க வந்தாலும் அங்கேயே புகார் செய்யலாம். இரண்டாவது, 32ஆம் பிரிவு. இப்படிப்பட்ட குடும்பத்தில் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருக்கிற, குடும்பத்தைக் கவனித்துக்கொள்கிற, பொறுப்பு தெரிந்த அக்காவோ அண்ணனோ தம்பி தங்கைக்குக் காப்பாளராகச் செயல்படலாம். பள்ளியில் சேர்ப்பது, சிகிச்சை, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு அவர்கள் கையெழுத்து செல்லும். இப்படி ஒரு பிரிவு நம் நாட்டுச் சட்டத்தில் இருப்பது எத்தனை அதிகாரிகளுக்குத் தெரியும்? தெரியாதவர்கள்தான் 15 வயதுப் பெண்ணிடம், "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா" என்று ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இப்போது பிரிவு எண்ணோடு பதில் சொல்லத் தெரியும்.

பள்ளிக்கூடம் இன்னொரு தலைவலி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு, தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளும் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு கிடையாது. ஆனால் அந்தக் கட்டத்தை டிக் செய்தால் பள்ளிக்குத் தெரிந்துவிடுமே என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் "மற்ற பெற்றோர் பிரச்சினை பண்றாங்க, டிசி வாங்கிக்கங்க" என்று மெதுவாகச் சொன்ன பள்ளியை எனக்குத் தெரியும். அது பாகுபாட்டைத் தடுக்கும் எச்.ஐ.வி. சட்டத்தின் 3ஆம் பிரிவுக்கு நேர் எதிர். அங்கே போய் யார் சொல்வது? அந்தத் தாய் தனியாகப் போனால் அழுதுகொண்டுதான் திரும்புவாள். கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் பள்ளி வேறு மாதிரி பேசும், பேசியும் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளின் கேள்விகள் வேறு. டீச்சர் கேட்டால் சொல்லணுமா? ஹாஸ்டலில் வார்டன் என் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கலாமா? வேலைக்குச் சேரும்போது ரத்தப் பரிசோதனை பண்ணச் சொன்னால் என்ன செய்வது? வேலைக்கோ படிப்புக்கோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்கவே கூடாது என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பிள்ளைகள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக் கல்லூரிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாத்திரை அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது. விடுதியிலும் கம்பெனியிலும் தலைநிமிர்ந்து நிற்க இன்னொன்று வேண்டும். ஏ.ஆர்.டி. ஆலோசகரிடம் அதைக் கேட்டால், பாவம், அவருக்கே நேரமில்லை.

மருத்துவமனைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல மாட்டேன். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுவது, பிரசவத்தை "கடைசியாப் பார்க்கலாம்" என்று தள்ளுவது, குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சம்மதம் எழுதிக்கொடுத்தால்தான் ஆபரேஷன் என்பது, எல்லாம் எங்கள் பெண்கள் பார்த்தவை. கர்ப்பிணிக்கு அவள் சம்மதமில்லாமல் கருத்தடை செய்வதை 18ஆம் பிரிவு தடுக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. அவர் பெயரை எந்த மருத்துவமனைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள், அவசர சிகிச்சை என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவு வர வேண்டும். அவருக்கு எந்த முகவரிக்கு எழுதுவது என்று எங்கள் மாவட்டத்தில் கேட்டால் ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கல்லூரி முகாம் தேவையில்லை என்று சொல்லவில்லை. மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். ரங்கோலி போடட்டும், சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்ளட்டும், பேரணி போகட்டும். ஆனால் அந்த அரங்கத்தில் எங்களில் ஒருத்தி எழுந்து, "என் மாமியார் என்னை வீட்டை விட்டுத் துரத்திட்டாங்க, என்ன பண்றது?" என்று மைக்கில் கேட்பாளா? அதை எங்களுக்கான சட்டக் கல்வி என்று கணக்கெழுதாதீர்கள். தகவலும் கல்வியும் வயதுக்கு ஏற்றதாக, பெண்களின் நிலையை உணர்ந்ததாக, அவமானப்படுத்தாததாக இருக்க வேண்டும் என்று 17ஆம் பிரிவு அரசுக்குச் சொல்கிறது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. இந்த இரண்டு கடமையும் சந்திக்கிற இடம் எங்கள் மாவட்டத்தில் அந்த ஒரு பெஞ்சுதான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

செவ்வாய்க்கிழமை அமர்வை உடனே திரும்பத் தொடங்குங்கள், ஏ.ஆர்.டி. மையத்திலேயே, மாத்திரை கொடுக்கும் நேரத்திலேயே. ஒரே வக்கீலைக் குறைந்தது இரண்டு ஆண்டுக்காவது தொடர விடுங்கள், முடிந்தால் பெண் வக்கீல். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம், பெயர்ப் பதிவேடு வேண்டாம். கணக்கு வேண்டுமென்றால் டோக்கன் எண் போட்டு, எந்த மாதிரிப் பிரச்சினை, என்ன உதவி செய்யப்பட்டது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் பட்டியலில் எங்கள் பெண்களில் சிலரைச் சேர்த்துப் பயிற்சியும் மதிப்பூதியமும் கொடுங்கள். வக்கீல் வராத நாட்களில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் ஆணைக்குழுவின் வக்கீல்கள் அனைவருக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில், முக்கியமாக 34ஆம் பிரிவில், பயிற்சி கொடுங்கள். அதில் பேச எங்களையும் கூப்பிடுங்கள். பெயரைக் காக்கும் ஏற்பாடு இருந்தால் வருவோம்.

பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்க்கும் பாட்டி தாத்தாக்களுக்கும் தனியாக அமர்வு வையுங்கள். குழந்தைகள் நலக்குழு உறுப்பினர் ஒருவர் அதில் இருக்க வேண்டும். தன் நிலை இன்னும் சொல்லப்படாத சின்னப் பிள்ளைகளையும் பெரிய பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்கக் கூடாது.

மாவட்டத்தின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் புகார் அலுவலரின் பெயர், மாநிலக் குறைதீர்ப்பாளரின் முகவரி, இலவச சட்ட உதவி எண் 15100, மூன்றையும் தமிழில் பலகையில் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அப்புறம், மேலே சொன்ன அந்த 17 வயதுப் பையனின் நிலத்துக்கு, அவனுக்கு 18 முடிவதற்குள் ஒரு வக்கீலை ஒதுக்குங்கள். விவரங்களைச் செயலாளர் அவர்களிடம் நேரில், மூடிய உறையில் தருகிறோம்.

ஒரு மாதத்துக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் கடிதத்தை எங்களில் யார் வீட்டுக்கும் தபாலில் அனுப்ப வேண்டாம். மையத்தின் ஆலோசகரிடம் கொடுத்தால் எங்களுக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் குழுவின் சார்பில் ஒரு களப்பணியாளர்